கண்ணுக்குத் தெரியாதவனுக்குக் கால் கொடுத்தவன்

கண்ணுக்குத் தெரியாத மனிதன் ஒருவனை நாயகனாக வைத்து வானொலியில் தொடர் நாடகம் போடலாம் என்று எங்கள் நிலையத்தில் முடிவானபோது அறையில் ஒன்பது பேர் இருந்தோம். ஒன்பது பேரும் பிரமாதம் என்றோம். அதில் எட்டுப் பேருக்கு யோசிப்பதற்காகச் சம்பளம். எனக்கு மட்டும் சத்தம் போடுவதற்கு. ஆகவே அன்றைக்கு நான் முட்டாளாக இருந்ததற்கு மன்னிப்பு உண்டு.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நாடகத்தில் கதவு திறந்தால் திறப்பது நான். மழை பெய்தால் தகரத் தட்டில் பயறு உருட்டுவது நான். வீடு தீப்பிடித்தால் செலஃபேன் தாளைக் கசக்குவேன். வில்லனுக்கு எலும்பு முறிந்தால் ஒரு கேரட் போச்சு. காதலர்கள் முத்தமிட்டுக்கொண்டால் அது நான் என் புறங்கைக்குக் கொடுக்கும் முத்தம். இருபத்திரண்டு வருடமாகக் கொடுத்து வருகிறேன், ஒரு கதாநாயகியும் நன்றி சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, நடப்பது. நடிகர்கள் மைக் முன்னால் ஆணியடித்த மாதிரி நின்றுவிடுவார்கள். அவர்களுக்காகச் சரளைத் தட்டிலும் பலகையிலும் நடப்பவன் நான். மூன்றே படிகள் கொண்ட ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதிலேயே ஏறி இறங்கி கலங்கரை விளக்கத்தின் உச்சிவரை போய் வந்திருக்கிறேன். போலீஸ் நடை, டாக்டர் நடை, கெட்ட செய்தி கொண்டுவருகிறவன் நடை என்று பதினேழு நடைகள் எனக்கு அத்துப்படி.

அலுவலகத்தில் எனக்குச் 'சவுண்டு' என்று பெயர். எந்த இடத்திலும் ஒரு நாளும் சவுண்டு விட்டறியாத ஆள் என்பதால்தான் அந்தப் பெயர் இவ்வளவு காலம் நிலைத்திருக்க வேண்டும். நாடகம் முடிந்ததும் அறிவிப்பாளர் பெயர்களை வாசிப்பார். எழுதியவர், நடித்தவர்கள், இயக்கியவர், 'மற்றும் நிலையத்தார்'. அந்த 'தார்' என்கிற இடத்தில் எங்கேயோ நானும் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

கதையை எழுத வந்தவர் வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிப் பழகியவர். நாயகன் ஒரு குமாஸ்தா. தன் முதுகுக்குப் பின்னால் ஊர் என்ன பேசுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மருந்தைக் குடித்து மறைந்துவிடுகிறான். மறைந்தால் என்னென்ன லாபம் என்று எழுத்தாளர் விரல் விட்டுச் சொன்னார். எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். வரிசையில் நிற்க வேண்டாம். பேருந்தில் டிக்கெட் வேண்டாம். யார் பேச்சையும் ஒட்டுக்கேட்கலாம்.

"துணி?" என்று கேட்டார் நாயகியாக நடிக்க வந்த அம்மா.

"துணி தெரியும்மா. உடம்புதான் மறையும்."

"அப்ப, பதிமூணு வாரமும் ஒண்ணுமில்லாமலா சுத்துறான்?"

எழுத்தாளர் தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு நஷ்டக் கணக்கு ஆரம்பித்தது. குளிருக்கு என்ன செய்வான்? சாப்பிட்ட ரொட்டி வயிற்றுக்குள் போகும்வரை அந்தரத்தில் தொங்குமே, அது எந்த இடத்தில் மறையத் தொடங்கும்? ரொட்டிக்கு மட்டும் அரை மணி நேரம் போனது. நான் மெல்ல, "ரோட்ல போனா வண்டிக்காரன் பிரேக் போட மாட்டானே சார்," என்றேன். யாரும் திரும்பவில்லை. ஐந்து நிமிடம் கழித்து எழுத்தாளர் திடீரென்று நிமிர்ந்து, "ரோட்ல போனா வண்டி நிக்காதே," என்றார். இயக்குநர் மேஜையைத் தட்டி, "இதுதான் சார் எழுத்தாளன் மூளை," என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை அளந்து பார்க்கிறவள். ஊருக்கெல்லாம் தெரியாததைத் தெரியவைக்கிறவள், வீட்டில் நான் இருப்பதை மட்டும் மாதத்துக்கு ஒருமுறை கவனிப்பாள். அவள் துணியை மடித்தபடியே சொன்னாள்: "கண்ணும் சேந்து மறைஞ்சுட்டா வெளிச்சம் அதுல நிக்காதுங்க. நேரா தாண்டிப் போயிரும். அவனுக்கு யாரையுமே தெரியாது." இதை எழுத்தாளரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் பெயரில் வந்திருக்கும்.

மூன்று பாகம் ஒலிபரப்பான பிறகு ஓர் அஞ்சலட்டை வந்தது. நேயர் ஒருவர் எழுதியிருந்தார். 'நாயகன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று எல்லோரும் அலறுகிறார்கள். எனக்கு அலறுகிற ஆட்களும்தான் தெரியவில்லை. இதில் யார் மறைந்தவர், யார் சாதாரணமானவர் என்று அறிவிக்கவும்.'

இயக்குநர் அதை உரக்க வாசித்தார். ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க முயன்றோம். அறையில் எட்டுப் பேர் மூளை வேலை செய்யும் சத்தம் கேட்டது. அதை என்னால் பயறு வைத்துக்கூடச் செய்து காட்ட முடியாது.

கடைசியில் நாயகி அம்மாதான் வழி சொன்னார். "மறைஞ்சிருக்கும்போது அவன் பேசவே கூடாது. காலடி மட்டும்தான் கேக்கணும். மத்தவங்களுக்குக் குரல் இருக்கு, இவனுக்குக் கால் மட்டும். அப்ப கேக்குறவங்களுக்குப் புரிஞ்சுரும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இருபத்திரண்டு வருடத்தில் எட்டுப் பேர் சேர்ந்து என்னைப் பார்த்தது அதுதான் முதல் முறை. நாடகத்தில் முக்கால்வாசி நேரம் அவன் மறைந்தேதான் இருக்கிறான். அப்படியானால் முக்கால்வாசி நாயகன் நான். வயது ஐம்பத்தொன்று, முட்டி வலி, முன்னந்தலை வழுக்கை. இருந்தாலும் நாயகன் நாயகன்தானே.

அன்று மாலை தலைகால் புரியாமல் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீடு மூன்றாவது மாடியில். மகள் சின்னவளாக இருந்தபோது நான் ஏறி வருவதைக் கேட்டுக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நான் பையைத் தோள் மாற்றிக்கொண்டு ஒரு மூச்சு வாங்குவேன். கடைசி மூன்று படிகளை ஒரே தாவாகத் தாவுவேன். மணி அடிப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து "அப்பா" என்பாள். அது கேள்வியில்லை, அறிவிப்பு. பிறகு ஸ்டுடியோவுக்குள் சொந்தச் சத்தம் கூடாது என்று ஒரு விதி வந்தது. மெத்து மெத்தென்ற கேன்வாஸ் ஷூ கொடுத்தார்கள். அது சுகமாக இருந்ததால் வீட்டுக்கும் அதையே போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தேன். கிறீச்சிடும் கதவுக் கீலைக் கண்டால் எனக்கு ஆகாது, எண்ணெய் போட்டுவிடுவேன். இப்படியாக, நான் எப்போது வந்தேன் எப்போது போனேன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாமல் பதினோரு வருடம் ஓடியிருந்தது.

அன்றும் சத்தமில்லாமல்தான் நுழைந்தேன். வாசலுக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. அதற்கு அந்தப் பக்கம் பத்தொன்பது வயது மகளும் அவளோடு படிக்கும் ஒரு பெண்ணும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க அப்பா என்ன பண்றாரு?"

"ரேடியோல இருக்காரு."

"அப்படியா, எந்த நிகழ்ச்சி? எங்க வீட்ல எப்பவும் ஓடும்டி."

"நிகழ்ச்சியெல்லாம் இல்ல. அவரு அங்க... மேஜை நாற்காலி இதெல்லாம் பாத்துக்கிறாரு."

நேர்மையாகச் சொன்னால் அது பொய் இல்லை. அந்த வாரம்கூட நாற்காலி ஒன்றைக் கிறீச்சிட வைத்து ஒரு கிழவரை உட்கார வைத்திருந்தேன். ஆனாலும் நெஞ்சில் சுருக்கென்றது. கூச்சத்தைவிட வருத்தம் அதிகம். அதைவிடப் பெரிய சிக்கல், இனி உள்ளே போக முடியாது. மறைந்து வந்தவன் நடுவில் தோன்றினால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்று தெரிந்துபோகும். எழுத்தாளரின் நஷ்டப் பட்டியலில் இது இல்லவே இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் பூனை மாதிரி பின்வாங்கி, மூன்று மாடியும் இறங்கி, கீழேயிருந்து தடதடவென்று சத்தம் எழுப்பிக்கொண்டு மறுபடி ஏறினேன். ஒரு தகப்பன் வீட்டுக்கு வருகிறான் என்று தெரிய வேண்டுமல்லவா. பதற்றத்தில் தொழில் புத்தி முந்திக்கொண்டது. நான் மணி அடிக்கும்போது உள்ளே அந்தப் பெண், "போலீஸ் வர்ற மாதிரி இருக்குடி," என்று சொல்வது கேட்டது. மகள் கதவைத் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது. போலீஸ் பயம் என்று நினைத்துக்கொண்டேன். நாயகன் ஆன செய்தியை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளே இயக்குநரிடம் போனேன். "சார், இந்த ஒரு தொடருக்கு மட்டும் கடைசியில என் பேரையும் வாசிக்கலாமா?" மகள் தோழியிடம் காட்டிக்கொள்ள ஒரு பெயர், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"சவுண்டுக்குப் பேர் போட்டா நாளைக்கு மைக்குக்கும் கேப்பாங்க," என்றார் இயக்குநர். என் முகம் விழுந்ததைப் பார்த்திருக்க வேண்டும். "கடைசி பாகத்தை அரங்கத்துல ஆட்களை வெச்சுப் பதிவு பண்றோம். நீங்க மேடையிலயே நிக்கப் போறீங்க. எல்லாரும் கண்ணால பாப்பாங்க. அப்புறம் பேர் எதுக்கு?"

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. கடைசி பாகம் நெருங்கியதும் இரண்டு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மகள் சீட்டைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமையா? எனக்கு வேலை இருக்குப்பா," என்றாள். கொஞ்ச நாளாகவே அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. மனைவிதான், "வருவா, வருவா. நான் கூட்டிட்டு வரேன்," என்றாள்.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. முன்னால் நடிகர்கள் வரிசையாக மைக்கின் முன் நின்றார்கள். ஓரத்தில் நான். சலவைச் சட்டை, தலைக்கு எண்ணெய், எதிரே என் கதவு, என் சரளைத் தட்டு, என் மூன்று படி. நான்காவது வரிசையில் மனைவியும் மகளும். கையசைக்கலாம் என்று நினைத்து, அது சத்தம் போடாது என்பதால் அசைத்தேன்.

முதல் காட்சி உருக்கமானது. மறைந்துபோன மகனை நினைத்துத் தாய் அழுகிறாள். அவளுக்குப் பின்னால், அவளுக்குத் தெரியாமல், மகன் நடந்து வருகிறான். கூடவே பக்கத்து வீட்டுப் பெண்ணும் வருகிறாள். இரண்டு பேர் நடையையும் நான் ஒருவனே செய்ய வேண்டும் என்பதால் இடது காலில் ஆண் ஷூ, வலது காலில் குதிகால் உயர்ந்த பெண் செருப்பு. வானொலியில் இது பிரமாதமாகக் கேட்கும். பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறைகூட நான் யோசித்ததில்லை. எட்டுப் பேரும் யோசிக்கவில்லை. முன் வரிசையில் ஒருவர் களுக்கென்றார். அது பின்னால் பரவியது. தாய் அழ அழ அரங்கம் சிரித்தது. அந்தத் தாயின் கண்ணீரைத் துடைக்க நான் கைக்குட்டையை மைக் அருகில் உரசியதும் ஒரு பகுதி கை தட்டியது. நொண்டிக்கொண்டே நான்காவது வரிசையைப் பார்த்தேன். மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் தலையைக் குனிந்திருந்தாள்.

இயக்குநர் பதிவை நிறுத்தினார். இரண்டு பேர் எங்கிருந்தோ ஒரு துணித் தடுப்பைத் தூக்கி வந்து எனக்கும் அரங்கத்துக்கும் நடுவில் நிறுத்தினார்கள். நாடு முழுக்கத் தெரியாமல் இருந்தவன் ஏழு நிமிடம் தெரிந்தேன். அந்த ஏழு நிமிடத்திலேயே மானம் போய்விட்டது. தடுப்புக்குப் பின்னால் பெண் செருப்பைக் கழற்றும்போதுதான் ஒளிந்திருப்பதன் அருமை எனக்கு உண்மையாகப் புரிந்தது. அழலாம், யாருக்கும் தெரியாது. கொஞ்சம் அழவும் செய்தேன். அதையும் மைக்குக்குத் தள்ளி நின்றுதான்.

இனி கடைசிக் காட்சி. மருந்தை முறிக்க வழியில்லை என்று தெரிந்ததும் நாயகன் ஊரைவிட்டே போக முடிவெடுக்கிறான். போகும் முன் ஒருமுறை தன் வீட்டுப் படியேறி வந்து கதவின் முன் நிற்கிறான். உள்ளே பேச்சும் சிரிப்பும். அவன் இல்லாமலே வீடு நன்றாக இருக்கிறது. திரும்பி இறங்கிப் போய்விடுகிறான். காலடி தேய்ந்து மறைகிறது. முற்றும். எழுத்தாளர் வசனத் தாளின் ஓரத்தில் எழுதியிருந்தார்: 'வீட்டாருக்குப் பழகிய நடை.'

அந்தக் குறிப்பு ஒரு வாரமாக என்னைப் பாடாய்ப் படுத்தியிருந்தது. என் பதினேழு நடையில் அப்படி ஒன்று இல்லை. ஒத்திகையில் ஒவ்வொன்றாக நடந்து காட்டினேன். இயக்குநர், "இது டாக்டர்," என்றார், "இது திருடன்," என்றார். அதனால் அலமாரியைக் குடைந்து, பதினோரு வருடத்துக்கு முன் கழற்றிப் போட்ட என் பழைய தோல் ஷூவை எடுத்து வந்திருந்தேன். தோல் வெடித்துக் கிடந்தது. காலை நுழைத்தேன்.

இயக்குநர் கை காட்டினார். மரப்பெட்டியில் ஏறத் தொடங்கினேன். மூன்று படி ஏறுவது, ஓசைப்படாமல் இறங்குவது, மறுபடி ஏறுவது. நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை, சத்தியமாக. ஷூவுக்கே வழி தெரிந்திருந்தது. முதல் மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் தோளில் இல்லாத பையைத் தோள் மாற்றி ஒரு மூச்சு வாங்கினேன். அப்புறம் மேலே. கடைசியில், ஐம்பத்தொரு வயது முட்டி இரண்டையும் மறந்து, மூன்று படியையும் ஒரே தாவாகத் தாவி விழுந்தேன்.

அரங்கம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில், நான்காவது வரிசையிலிருந்து, சத்தம் போடாமல், சாதாரணமாக ஒரு குரல் வந்தது.

"அப்பா."

கைதட்டலைப் பிடிப்பதற்காக மேலே கட்டியிருந்த மைக் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. நாயகி அம்மா கெட்டிக்காரர். ஒரு நொடி விட்டுத் தன் வசனத்தைச் சொன்னார்: "யாரோ வந்த மாதிரி இருந்துச்சே."

இப்போது நான் இறங்க வேண்டும். பக்கவாட்டில் இயக்குநர் இறங்கு, இறங்கு என்று கையால் வெட்டிக் காட்டினார். அவருக்குப் பின்னால் எழுத்தாளர், தன் சோகம் தேய்ந்து மறைவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் இறங்கவில்லை. எண்ணெய் போட்ட என் கதவு பக்கத்திலேயே இருந்தது. கைப்பிடியைத் திருகி, மைக்குக்கு நேராக, அகலத் திறந்தேன். பிறகு ஷூ சத்தத்தோடு இரண்டு அடி உள்ளே வைத்தேன். அரங்கம் எழுந்து கைதட்டியது. எழுத்தாளர் உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது மகள் தடுப்புக்குப் பின்னால் வந்தாள். மரப்பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா படி?"

"இவ்வளவுதான்."

"முட்டி வலிக்குதா?"

"உயிர் போகுது."

பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். "அன்னைக்கு அவகிட்ட அப்படிச் சொன்னதை நீங்க கேட்டுட்டு நின்னீங்க, தெரியும். சொல்லி முடிச்சுட்டுத்தான் பாத்தேன். திரைக்கு அடியில உங்க ஷூ தெரிஞ்சுது. அப்புறம் ஏம்ப்பா கீழ போய் போலீஸ் மாதிரி வந்தீங்க? நான் எப்படி உங்க முகத்தைப் பாக்குறது?"

இருபத்திரண்டு வருடம் மறைந்தே வாழ்ந்த ஆள், சொந்த வீட்டில் ஒரு முழத் திரைக்குப் பின்னால் ஒளியத் தெரியவில்லை. சிரித்துவிட்டேன். அவளும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அதற்குள் இயக்குநர் வந்துவிட்டார். என்னைப் பார்த்து, விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். அவளைப் பார்த்து, "அந்தக் குரல் உன்னுதாம்மா? அதை வெட்ட மனசு வரல, வெச்சுக்கிறோம். பேர் சொல்லு, வாசிக்கிற தாள்ல சேக்கணும்," என்றார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, தாளை அவர் கையிலிருந்து வாங்கித் தானே எழுதிக் கொடுத்தாள். என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை.

அடுத்த வாரம் மூன்று பேரும் வானொலி முன்னால் உட்கார்ந்தோம். மகளுடைய தோழியும் வந்திருந்தாள். படியேறும் சத்தம் வந்தபோது மனைவி, "இதை எத்தனை வருஷம் கேட்டிருக்கேன்," என்றாள். அதைச் சொல்ல அவளுக்கும் பதினோரு வருடம் ஆகியிருந்தது. கதவு திறந்தது. அறிவிப்பாளர் வாசிக்கத் தொடங்கினார். எழுதியவர், நடித்தவர்கள் எல்லோரும் ஆன பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பா என்று அழைத்தவர், அந்தக் காலடிக்காரரின் மகள். மற்றும் நிலையத்தார்," என்றார்.

தோழி அவள் பக்கம் திரும்பி, "மேஜை நாற்காலின்னு சொன்னியேடி," என்றாள்.

"அதுவும் பாத்துக்கிறாரு," என்றாள் மகள்.